அணுவறிஞர் ஹோமி பாபாவும் அனுமதியின் கதையும்

நீலமலையின் நீரே கோயம்புத்தூரை ஆலை நகராக்கியது என்பர் வரலாறு அறிந்தோர். 1932-இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபின், மலையிறங்கி வந்த மின்சாரத்தால் சில ஆண்டுகளுக்குள் நகரைச் சுற்றிப் பஞ்சாலைகள் பெருகின. கிணற்றடியில் காளை பூட்டிக் கமலை இறைத்த கொங்கு உழவர் மெல்ல மெல்லப் பம்புசெட்டுக்கு மாறினர். எனினும், நீரை நம்பிய மின்சாரம் மழையை நம்பிய மின்சாரமேயன்றோ! பருவமழை பொய்த்த ஆண்டுகளில் அணைகள் வற்றின. ஆலைகளின் கதிர்கள் நின்றன. கூலியை நம்பிய குடும்பங்களின் அடுப்பும் அணைந்தது. மழையை எதிர்பாராத மின்சாரம் வேண்டும் என்னும் ஏக்கம் இம்மண்ணுக்குப் பழையது. அத்தகைய ஏக்கத்துக்கு அணுவின் வழியாக விடை தேடியவர் ஹோமி ஜஹாங்கீர் பாபா.

பொது அறிவுத் தேர்வுக்காக அவர் பெயரை மனனம் செய்யாத மாணவர் இல்லை. அப்பெயருக்குப் பின்னிருக்கும் வாழ்வை இம்மலரில் நாம் எழுதப் புகுவதற்குக் காரணம் ஒன்றுண்டு. ஓர் அணுவுலையை எழுப்ப வேண்டுமாயின் யாரிடம் அனுமதி பெறுவது, அனுமதி தருபவர் யாருக்குப் பொறுப்புடையவர் என்னும் வினா நம் நாட்டில் அவர் வாழ்வோடு சேர்ந்தே பிறந்தது. அவர் மறைந்து அரை நூற்றாண்டு கடந்தும் தீராது நின்றது. மேதையொருவரின் புகழைப் பாடுவதோடு அமைவது எளிது. அவர் விட்டுச் சென்ற வினாவையும் உடன்வைத்துப் பார்ப்பதே அவருக்குச் செய்யும் மரியாதை எனக் கருதுகிறோம்.

1909 அக்டோபர் 30 அன்று பம்பாய் நகரில், செல்வமும் கல்வியும் நிறைந்த பார்சிக் குடும்பமொன்றில் பாபா பிறந்தார். தந்தை ஜஹாங்கீர் ஹோர்முஸ்ஜி பாபா சட்டம் பயின்றவர். பாட்டனார் மைசூர் அரசின் கல்வித்துறைத் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். அத்தையார் டாட்டா குடும்பத்தில் தோராப்ஜி டாட்டாவை மணந்தவர். ஆதலின் பையன் பொறியியல் பயின்று ஜாம்ஷெட்பூர் எஃகு ஆலையில் அமர வேண்டும் என்பது பெரியவர்களின் திட்டமாயிற்று. அத்திட்டப்படியே 1927-இல் கேம்பிரிட்ஜ் சென்று இயந்திரப் பொறியியல் பயின்றார். ஆனால் உள்ளம் இயற்பியலின்பால் ஓடியது. தமக்குப் பொறியியலில் நாட்டமில்லை. இயற்பியலே தம் வழி என்று தந்தைக்கு அவர் எழுதிய கடிதம் பின்னாளில் பெயர் பெற்றது. தந்தையும் மறுக்கவில்லை, முதல் வகுப்பில் பொறியியலை முடித்தால் மேலும் கணிதம் பயில இசைவதாக உடன்பட்டார். 1930-இல் முதல் வகுப்பில் தேறினார் மகன். தந்தையிடம் நிபந்தனையோடு பெற்ற அந்த அனுமதியே பாபா வாழ்வில் பெற்ற முதல் பெரிய அனுமதி. நிபந்தனை விதித்தவர் வேறு, நிறைவேற்றியவர் வேறு என்ற முறையில் அமைந்த அனுமதியும் அதுவே.

எலக்ட்ரானும் அதன் எதிர்த்துகளாகிய பாசிட்ரானும் மோதிச் சிதறும் முறையை அவர் கணித்துக் காட்டியது இன்றும் பாபா சிதறல் என்றே வழங்கப்படுகிறது. விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தில் நுழைந்தவுடன் எவ்வாறு மழைபோல் பெருகுகின்றன என்பதை ஹைட்லர் என்னும் அறிஞருடன் இணைந்து 1937-இல் விளக்கினார். முப்பது வயது நிறையுமுன்னரே ஐரோப்பிய இயற்பியலாரின் அவையில் அவருக்கு இடம் கிடைத்துவிட்டது.

1939-இல் விடுமுறைக்குத் தாயகம் வந்திருந்தபோது இரண்டாம் உலகப் போர் மூண்டது. திரும்பிச் செல்ல வழியில்லை. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சர் சி. வி. இராமன் தலைமையின்கீழ் இயங்கிய இயற்பியல் துறையில் சேர்ந்தார். 1941-இல் இலண்டன் இராயல் கழகத்தின் உறுப்பினரானார். போர் ஓய்ந்ததும் புறப்பட்டுவிடலாம் என்றிருந்தவர், தாய்நாட்டிலேயே உயர்தர ஆராய்ச்சிக் கூடமொன்றை அமைப்பது தம் கடமை என்னும் முடிவுக்கு வந்தார். 1944 மார்ச்சு மாதத்தில் டாட்டா அறக்கட்டளைக்கு அவர் எழுதிய கடிதத்தின் பயனாக, 1945-இல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் தோன்றியது. அணுவிலிருந்து மின்சாரம் எடுக்கும் காலம் வரும்போது, இந்தியா வல்லுநர்களைத் தேடி வெளிநாடு செல்ல வேண்டியிராது என்னும் கருத்தை அக்கடிதத்திலேயே அவர் அமைத்திருந்தார். ஹிரோஷிமாவில் குண்டு விழுவதற்கு ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக்கு முன்னர் எழுதப்பட்ட கடிதம் அது என்பதை மாணவர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நாடு விடுதலை பெற்ற எட்டாம் மாதத்தில், 1948 ஏப்ரலில், அணுசக்திச் சட்ட முன்வரைவைப் பிரதமர் நேரு அரசியல் நிர்ணய அவையில் கொணர்ந்தார். அவ்வமைச்சரவையில் நிதிப் பொறுப்பை ஏற்றிருந்தவர் நம் கோயம்புத்தூரின் மைந்தர் ஆர். கே. சண்முகம் செட்டியார். பிரிவினையின் குருதி காயாத நாள்கள்; காந்தியடிகள் மறைந்து மூன்று திங்களும் நிறையவில்லை. அவ்வளவு நெருக்கடிக்கிடையிலும் அணுவுக்கென ஒரு சட்டம் செய்யப்பட்டது என்றால், நேருவின் உள்ளத்தில் பாபாவின் சொல் பெற்றிருந்த இடம் புலனாகும்.

அச்சட்டம் சொன்னது என்ன? யுரேனியமும் தோரியமும் போன்ற மூலப்பொருள்கள், அவற்றைப் பற்றிய ஆராய்ச்சி, அதன்வழிப் பிறக்கும் ஆற்றல் யாவும் அரசின் கைக்குள் அடங்கும். அவை பற்றிய செய்திகளை மறைத்துவைக்கவும் அரசுக்கு அதிகாரம் உண்டு. பிரிட்டன் 1946-இல் செய்த சட்டத்தைவிட இது மறைபொருட் காப்பில் கடுமையானது என்று மைசூரைச் சார்ந்த உறுப்பினர் எஸ். வி. கிருஷ்ணமூர்த்தி ராவ் அவையில் வினாவெழுப்பினார். ஆக்கப் பணிக்கான ஆராய்ச்சிக்கு இத்துணை இரகசியம் எதற்கு என்பது அவர் ஐயம். ஆக்கத்தையும் அழிவையும் இத்துறையில் எங்கே பிரிப்பது என்று தமக்கே தெளிவாகவில்லை என்னும் பொருள்பட நேரு விடையிறுத்தார். நேர்மையான விடைதான். ஆயினும் வினா அவ்விடையால் அடங்கிவிடவில்லை.

ஈண்டு ஓர் ஒப்பீட்டைக் காட்ட விரும்புகிறோம். 1910-ஆம் ஆண்டின் இந்திய மின்சாரச் சட்டப்படி, ஓர் ஊருக்கு மின்சாரம் வழங்கும் உரிமம் வேண்டுபவர் தம் விண்ணப்பத்தை ஊரறிய விளம்பரப்படுத்தல் வேண்டும். மறுப்பு உடையோர் தெரிவிக்க மூன்று மாத அவகாசம் உண்டு. அம்மறுப்புகளை அரசு ஆராய்ந்த பின்னரே உரிமம் வழங்கலாம். அந்நிய ஆட்சியின் சட்டம் அது. தெருவில் கம்பம் நட்டுக் கம்பி இழுக்கும் சிறு நிறுவனத்தையும் அவ்வாறு ஊர்முன் நிறுத்தியது. சுதந்திர நாட்டின் அணுச்சட்டத்திலோ ஊர்முன் நிற்க வேண்டிய கட்டாயம் இல்லை. காரணம் எளிது: கட்டுபவரும் அரசு, அனுமதிப்பவரும் அரசு. தனக்குத் தானே விளம்பரம் கொடுத்துத் தனக்குத் தானே மறுப்புக் கேட்பார் யார்?

1948 ஆகஸ்டு 10 அன்று அணுசக்தி ஆணையம் அமைந்தது. தலைவர் பாபா, செயலாளர் சாந்தி ஸ்வரூப் பட்நாகர், மற்றோர் உறுப்பினர் வத்திராயிருப்பில் பிறந்த நம் தமிழ் அறிஞர் கே. எஸ். கிருஷ்ணன். 1954-இல் அணுசக்தித் துறை என்னும் தனித்துறை பிரதமரின் நேரடிப் பார்வையில் உருவாயிற்று. அதன் செயலாளரும் பாபாவே. பம்பாயை அடுத்த டிராம்பேயில் அவ்வாண்டே தொடங்கிய அணுசக்தி நிறுவனத்தின் தலைவரும் அவரே. டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநர் பொறுப்பும் அவரிடமே நீடித்தது. 1958-இல் ஆணையம் திருத்தியமைக்கப்பட்டபோது, துறையின் செயலாளரே ஆணையத்தின் தலைவர் என்பது விதியாயிற்று. நிதித்துறையின் குறுக்கீட்டுக்கு ஆளாகாதபடி நிதிக்கென ஓர் உறுப்பினர் ஆணையத்துக்குள்ளேயே அமர்த்தப்பட்டார்.

இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். புதிய உலை ஒன்று வேண்டுமென டிராம்பேயில் எண்ணுபவர் பாபா. கோப்பைத் துறைக்கு அனுப்பினால் அங்குச் செயலாளராக அமர்ந்திருப்பவரும் பாபா. கொள்கை முடிவுக்கு ஆணையத்துக்குச் சென்றால் தலைமை நாற்காலியிலும் அவரே. அதன்மேல் எஞ்சியிருப்பது பிரதமரின் கையொப்பம் ஒன்றுதான். அந்தப் பிரதமரையோ அண்ணன் என்னும் பொருள்தரும் சொல்லால் விளித்துக் கடிதம் எழுதும் உரிமை பெற்றிருந்தார் அவர். அரசு அலுவலகங்களில் ஒரு சிறு விண்ணப்பத்துக்கு மேசை மேசையாக அலைந்தவர்களுக்கு இது பெருவியப்பாகவே தோன்றும். பணி விரைந்து நடந்ததன் இரகசியமும் இதுவே.

பணி நடந்தது, மிக நன்றாகவே நடந்தது. ஆசியாவின் முதல் அணுவுலையாகிய அப்சரா 1956 ஆகஸ்டு 4 அன்று உயிர்பெற்றது. அதாவது, அணுப்பிளவின் தொடர்வினை அதனுள் தானே நிலைத்து நடக்கத் தொடங்கியது. எரிபொருளைப் பிரிட்டன் தந்தது. உலையை வடித்துக் கட்டியவர்கள் இந்தியப் பொறியாளர்கள். அடுத்து வந்தது கனடா நாட்டின் உதவியால் எழுந்த சைரஸ் உலை. 1960 ஜூலையில் இயங்கியது. கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கிடைத்த உதவி அது. அதே திட்டத்தின்கீழ், அதே கனடா, அதே காலத்தில் நீலமலையில் குந்தா நீர்மின் திட்டத்துக்கும் கை கொடுத்தது என்பது கோவை மக்கள் நினைவிற்கொள்ளத் தக்கது. ஒரே நாட்டின் நட்புக்கரம் ஒருபால் நம் ஆலைகளுக்கு அருவிநீரின் மின்சாரத்தையும், மற்றொருபால் டிராம்பேக்கு அணுவுலையையும் அளித்தது. முன்னதை அறிந்தோர் நம்மூரில் பலர். பின்னதை அதனோடு சேர்த்து எண்ணுவோர் சிலரே.

பாதுகாப்பில் பாபா அசட்டையாக இருந்தார் என்று எவரும் கூறிவிட இயலாது. டிராம்பேயில் கதிரியக்கப் பொருள்களைக் கையாளும் முறையால் பணியாளர்க்கோ பிறர்க்கோ எவ்வகைத் தீங்கும் நேர்தல் கூடாது. நாட்டின் பிற நிறுவனங்களுக்கு நம் முறை எடுத்துக்காட்டாக விளங்க வேண்டும் என்று 1960-இல் அவர் ஆணை பிறப்பித்தார். 1962-இல் உலைகளின் பாதுகாப்பை ஆராயவென ஒரு குழுவையும் அமைத்தார். ஆனால் குழுவில் இருந்தோரும் அதே துறையினர். தம் தலைவர் கட்டும் உலையைத் தாமே ஆராய்ந்து, அறிக்கையைத் தம் தலைவரிடமே அவர்கள் அளிக்க வேண்டும்.

ஒப்படைக்கப்பட்ட பொருளை நம் சமுதாயம் அமானிதம் என்று வழங்கும். நம் ஜமாஅத்துப் பெரியவர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. பள்ளிவாசலின் வரவு செலவை முத்தவல்லி எழுதுகிறார். அவர் ஊரே போற்றும் நேர்மையாளராயிருக்கலாம். ஆயினும் கணக்கைத் தணிக்கை செய்பவர் வேறொருவர்தான். முத்தவல்லியின்மேல் ஐயம் கொண்டு இவ்வாறு செய்வதில்லை. அவருக்குப்பின் அந்த இடத்தில் யார் அமர்வார் என்பதை எவரும் அறியார் என்பதனாலேயே செய்கிறோம். பாபாவின் காலத்து அணுத்துறையில் கணக்கு எழுதியதும் கணக்குப் பார்த்ததும் ஒரே கையாய் இருந்தன. கை தூய்மையான கை என்பதில் எமக்கு ஐயமில்லை.

உலகம் முழுவதும் தொடக்கத்தில் இவ்வாறே இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். பிரிட்டனில் 1957 அக்டோபரில் விண்ட்ஸ்கேல் உலையில் தீப்பற்றிக் கதிரியக்கம் வெளியேறியது. பாலைக் கொட்டிக் கவிழ்க்க நேர்ந்தது. 1959-இல் அணுநிலையங்களுக்கு உரிமம் வழங்கும் சட்டமொன்றை அந்நாடு செய்தது. அமெரிக்காவிலும் அணுவாற்றலை வளர்ப்பதும் அதற்கு உரிமம் அளிப்பதும் ஒரே ஆணையத்தின் வேலையாக நீண்ட நாள் இருந்தன. அதைப் பிரித்து, ஒழுங்குமுறைக்கென வேறோர் ஆணையத்தை அமைக்க 1974-ஆம் ஆண்டுச் சட்டம் தேவைப்பட்டது. நம் நாட்டில் பாபாவின் நாளிலேயே குரல் எழுப்பியவர் வானியற்பியல் மேதை மேகநாத் சாஹா. மக்களவை உறுப்பினராக இருந்த அவர், ஆணையத்தின் இரகசியப் போக்கையும், ஆராய்ச்சி பல்கலைக்கழகங்களைவிட்டு ஓரிடத்தில் குவிவதையும் 1954-இல் அவையிலேயே கண்டித்தார். இருவரும் பேரறிஞர்கள், இருவரும் நாட்டுப்பற்றாளர்கள். சாஹாவின் குரல் எடுபடவில்லை.

மின்சாரத்துக்கு வருவோம். நிலக்கரி நம் நாட்டில் பெரிதும் கிழக்கிலேயே கிடைக்கிறது. சுரங்கத்திலிருந்து 800 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஊர்களுக்குக் கரியைச் சுமந்து சென்று மின்சாரம் எடுப்பதைவிட அணுமின்சாரம் மலிவாகும் என்பது பாபாவின் வாதம். அவ்வாதத்தை நாட்டு வரைபடத்தில் பொருத்திப் பார்த்தால் மேற்கே பம்பாய், வடமேற்கே இராஜஸ்தான், தெற்கே தமிழகம் ஆகியவை கண்ணுக்குப் புலனாகும். தாராப்பூர், இராணா பிரதாப் சாகர், கல்பாக்கம் என முதல் மூன்று நிலையங்களும் அவ்வண்ணமே அமைந்தன. தாராப்பூருக்காக 1963 ஆகஸ்டில் அமெரிக்காவுடன் உடன்படிக்கை ஏற்பட்டது. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் உலைகளைக் கட்டித் தந்தது. 1969 அக்டோபரில் மின்சாரம் வணிக முறையில் வரத் தொடங்கியது. அதைக் காணப் பாபா இல்லை. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 1962-இல் வந்த அணுசக்திச் சட்டமும் கட்டுபவரையும் அனுமதிப்பவரையும் பிரிக்கவில்லை. பல பத்தாண்டுகள் அச்சட்டமே ஆட்சி செலுத்தியது.

தம் கணிப்புகளில் அவர் தவறியதும் உண்டு. 1955-இல் ஜெனீவாவில் ஐக்கிய நாடுகள் கூட்டிய முதல் அணுசக்தி மாநாட்டுக்குத் தலைமை தாங்கியபோது, அணுக்கரு இணைவிலிருந்து ஆற்றல் பெறும் வழி இருபது ஆண்டுகளுக்குள் கண்டறியப்படும் என்று முன்னுரைத்தார். எழுபது ஆண்டுகள் கடந்தும் இணைவின்வழி மின்நிலையம் எழவில்லை. ஆனால் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடக்கும் தோரியத்தை நம்பி அவர் வகுத்த மூன்று கட்டத் திட்டத்தை நாடு இன்றளவும் கைவிடவில்லை.

அதிகாரத்தை ஆண்ட அம்மனிதரின் மறுபக்கமோ மென்மையானது. ஓவியம் தீட்டுவார், மேலைச் செவ்வியல் இசையில் தோய்வார், மணம் புரியவில்லை. சாலைக்காக வெட்டப்படவிருந்த மரங்களை வேரோடு பெயர்த்து வேறிடத்தில் நட்டு வளர்ப்பித்தார் என்பதை டிராம்பேயில் பணிபுரிந்தோர் பெருமையுடன் சொல்வர். கொலாபாவில் எழுந்த டாட்டா நிறுவனத்தின் புதிய கட்டடத்துச் சுவரில் மக்பூல் ஃபிதா ஹுசேனின் பெருஞ்சுவரோவியம் இடம்பெற்றது பாபாவின் கலையார்வத்தால். மரத்தின் வேர் அறுபடாமல் காத்த அவர், திட்டங்களுக்காக ஊர்விட்டுப் பெயர்க்கப்படும் மனிதரைப் பற்றி என்ன எண்ணினாரோ என்று நாம் சில வேளை வியப்பதுண்டு.

கொங்குக்கு மிக அருகே அவர் விட்டுச்சென்ற அடையாளம் உதகையில் உள்ளது. 1950-களில் டாட்டா நிறுவனத்தினர் காஸ்மிக் கதிர் ஆய்வை அங்கே தொடங்கினர். வெளிநாட்டிலிருந்த இளம் விஞ்ஞானி கோவிந்த் ஸ்வரூப்பைப் பாபா தாயகத்துக்கு அழைத்ததன் பயன், உதகையை அடுத்த முத்தோரையில் 530 மீட்டர் நீளத்தில் நிற்கும் ரேடியோ தொலைநோக்கி. மலைச்சரிவின் சாய்வு அவ்விடத்தின் அட்சரேகைக்கு ஒத்திருப்பதைக் கண்டு, அச்சரிவிலேயே அதைக் கிடத்தினர். 1970-இல் அது பணி தொடங்கியது. மேட்டுப்பாளையம் வழியே மலையேறும் மாணவர்கள் தாவரவியல் பூங்காவோடு திரும்பிவிடாமல் அதையும் கண்டு வருதல் நன்று.

1966 ஜனவரி 24 காலையில், வியன்னாவில் பன்னாட்டு அணுசக்தி முகமையின் கூட்டமொன்றுக்காகப் பாபா பயணம் செய்த ஏர் இந்தியா விமானம் ஆல்ப்ஸ் மலைத்தொடரில் மோன் பிளாங்கில் மோதி நொறுங்கியது. அதிலிருந்த 117 பேரும் மாண்டனர். கட்டுப்பாட்டு நிலையம் சொன்னதை விமானி தவறாக உணர்ந்ததே காரணமென விசாரணை கூறிற்று; அதைச் சுற்றி எழுந்த வதந்திகளை நாம் பொருட்படுத்தவில்லை. இந்திரா காந்தி பிரதமராகப் பதவியேற்றதும் அதே நாளில்தான். பாபாவுக்கு அப்போது வயது 56. மறு ஆண்டு டிராம்பே நிறுவனம் அவர் பெயரைத் தாங்கியது.

அவர் போனார், அவர் வகித்த பதவிகளின் கட்டுக்கோப்பு அப்படியே நின்றது. 1974 மே மாதத்தில் பொக்ரானில் வெடித்துச் சோதித்த கருவிக்குப் புளூட்டோனியம் கிடைத்தது கனடா தந்த சைரஸ் உலையிலிருந்து. கனடா சினந்து அணுத்துறை உறவை அறுத்துக்கொண்டது. கல்பாக்கத்தில் தொடங்கியிருந்த பணியை இந்தியப் பொறியாளர்கள் தாமே முடிக்க வேண்டியதாயிற்று, ஆண்டுகள் நீண்டன. 1983 ஜூலை 2 அன்று கல்பாக்கத்தின் முதல் உலை உயிர்பெற்றது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் என்னும் தனி அமைப்பு நம் நாட்டில் பிறந்ததோ அவ்வாண்டு நவம்பர் 15 அன்று. தமிழ்நாட்டின் முதல் அணுமின் உலை எரியத் தொடங்கிய நான்காம் மாதத்தில்தான் அனுமதி தருவதற்கென ஒரு வாரியம் வந்தது என்பதை இளைய தலைமுறை வியப்புடன் நோக்கும்.

அவ்வாரியமும் அரசாணையால் அமைந்ததே. அறிக்கை அளிக்க வேண்டியதும் அணுசக்தி ஆணையத்திடமே. ஆணையத்தின் தலைவரோ அணுசக்தித் துறையின் செயலாளர். பாபாவின் நாற்காலி தன் இடத்திலேயே இருந்தது. 2012-இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் இக்குறையை விரிவாகச் சுட்டினார். ஜப்பானில் ஃபுகுஷிமா விபத்து நேர்ந்த 2011-இல் சுதந்திரமான ஒழுங்குமுறை அமைப்புக்கென நாடாளுமன்றத்தில் கொணர்ந்த முன்வரைவு, 2014-இல் மக்களவையின் காலம் முடிந்தபோது காலாவதியாயிற்று. 2025 டிசம்பரில் நிறைவேறிய புதிய சட்டம்தான் 1962-ஆம் ஆண்டுச் சட்டத்தை விலக்கி, வாரியத்துக்குச் சட்டவழிப்பட்ட தகுதியை அளித்தது. தனியார் நிறுவனங்கள் உரிமம் பெறுவதற்கும் வழி திறந்தது. பாபா மறைந்து அறுபதாம் ஆண்டை எட்டும் தறுவாயில் இது நிகழ்ந்தது.

இடைப்பட்ட காலத்தில் இவ்வினா கூடங்குளத்தில் நம் கண்முன்னே வந்து நின்றது. 1988 நவம்பரில் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் உடன்படிக்கை செய்தனர். 1989-இல் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. பொதுமக்கள் கருத்துக்கேட்புச் சட்டப்படி கட்டாயமாகாத காலம் அது. ஆதலின் முதல் இரண்டு உலைகளுக்கு ஊரைக் கூட்டிக் கேட்கவில்லை. சோவியத்து ஒன்றியம் சிதைந்து, பேச்சு மீண்டும் தளிர்த்து, 2002-இல்தான் கட்டுமானம் தொடங்கிற்று. இம்முறை ஒழுங்குமுறை வாரியம் இருந்தது. இடத்தேர்வுக்கு ஓர் இசைவு, கட்டுமானத்துக்கு ஓர் இசைவு, எரிபொருளை நிரப்புவதற்கு ஓர் இசைவு, தொடர்வினையைத் தொடங்குவதற்கு ஓர் இசைவு, ஆற்றலைப் படிப்படியாக உயர்த்த ஒவ்வொரு படிக்கும் ஓர் இசைவு, இறுதியில் இயக்குவதற்கு உரிமம் எனப் படிகள் பல. அப்சராவின் நாளில் இத்தகைய ஏணி இல்லை. ஏணியின் படிகளில் பொறியாளர்கள் கவனத்துடன் ஏறினர் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் இடிந்தகரை மீனவர் கேட்டது வேறு: எங்களைக் கேட்டீர்களா என்பது.

2011 ஆகஸ்டில் அவர்களின் போராட்டம் வலுப்பெற்றது. ஆயிரக்கணக்கானோர்மேல் வழக்குகள் பதிவாயின. அவ்வாண்டு நவம்பரில் முன்னாள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் நிலையத்தைப் பார்வையிட்டு, அது பாதுகாப்பானது என்று அறிவித்தார். நம் சமுதாயத்தின் பெருமிதமாகிய அவர் சொல்லை நாடு மதித்தது. கடற்கரையின் அச்சமோ தணியவில்லை. ஒரு பேரறிஞரின் சொல்லை மற்றொரு காலத்தில் நேரு நம்பியதுபோல் மக்களும் நம்பிவிடுவர் என்று அரசு எதிர்பார்த்தது போலும்.

அதே காலத்தில் கோவையில் நாம் எந்நிலையில் இருந்தோம் என்பதையும் மறைக்காது சொல்ல வேண்டும். நாளின் பெரும்பகுதி மின்சாரமில்லை. சோமனூர், பல்லடம் பகுதியின் விசைத்தறிகள் ஓய்ந்தன. பீளமேடு, கணபதி வட்டாரத்துப் பட்டறைகளில் கடைசல் இயந்திரங்கள் நின்றன. உக்கடத்துக் கடைவீதியில் ஜெனரேட்டர்களின் புகையும் இரைச்சலும் சூழ்ந்தன. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் மெழுகுவத்தியை நாடினர். கூடங்குளத்தை ஏன் இன்னும் திறக்கவில்லை என்று சினந்து பேசியவர்கள் நம்மிடையே பலர். நாமும் அவர்களுள் அடங்குவோம். மின்சாரம் வேண்டியது நமக்கு. அதற்கான இடர்ப்பாட்டை ஏற்க வேண்டியிருந்தவர் நாம் கண்டறியாத கடற்கரையினர். அனுமதிப் படிவத்தில் எங்கும் நம் கையொப்பம் இல்லையெனினும், நம் தேவை அதில் எழுதப்பட்டிருந்தது.

2013 மே 6 அன்று உச்சநீதிமன்றம் நிலையத்தை இயக்கத் தடையில்லை எனத் தீர்ப்பளித்து, நிறைவேற்ற வேண்டியவையாக 15 கட்டளைகளையும் விதித்தது. அவ்வாண்டு ஜூலை 13 இரவு 11 மணி 5 நிமிடத்துக்கு முதல் உலையில் தொடர்வினை தொடங்கியது. ரமலான் மாதத்தின் முதல் வாரம் அது. கோவையின் பள்ளிவாசல்களில் தராவீஹ் தொழுகை முடித்து மக்கள் இல்லம் சேர்ந்திருந்த நேரம். இடிந்தகரையில் போராட்டம் இரண்டாம் ஆண்டை நிறைவு செய்யும் தறுவாயில் இருந்தது. அக்டோபர் 22 அன்று அவ்வுலையின் மின்சாரம் தென்மண்டல மின்தொகுப்பில் சேர்ந்து, பைக்காராவின் நீரிலிருந்தும் குந்தாவின் நீரிலிருந்தும் வந்ததனின்று பிரித்தறிய இயலாதவாறு கலந்து, நம் ஆலைகளுக்கும் வீடுகளுக்கும் வந்தது.